முப்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு

இந்த சீட்டு காலிதானே தம்பி? கொஞ்சம் நகர்ந்துக்குங்க. பட்டுச்சேலை, கசங்கிரும். கல்யாணத்துக்கு இல்ல, பரிசு வாங்கப் போறேன். ஆமா, இந்த வயசுலதான். நீங்க ஒண்ணும் கைதட்ட வேண்டாம், அங்க தட்டுறதுக்குன்னே நாலு ஸ்கூலு டீச்சருங்களை வரச்சொல்லியிருக்காங்க.

மடியில இருக்கிறது லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலையா? அப்படிச் சொல்லுங்க. உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் ரெண்டு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். ஒரு மனுஷி வாசிக்கிறதைக் கேட்டுட்டு போன் மார்க்கு போடுதுல்ல, அந்தப் போனுக்கு யாரு தம்பி தமிழ் சொல்லிக்குடுத்தது? பேரும் ஊரும் மட்டும் சொல்லுங்க. நேர்ல போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துர்றேன்.

நான் மரகதவல்லி. கொத்தனேரி தொடக்கப்பள்ளி டீச்சர். இருபத்தொம்பது வருஷ சர்வீஸ். எங்க ஸ்கூல்ல மொத்தம் ரெண்டு பேருதான். தலைமையாசிரியர் குருநாதன் சார், அப்புறம் நான். ஒண்ணாப்புலேர்ந்து அஞ்சாப்பு வரைக்கும் முப்பத்திரண்டு புள்ளைங்க, ஒரே ஹாலு. சார் பாடம் நடத்துறதில்லைன்னு நான் சொல்லமாட்டேன். நடத்துவாரு. தகவல் எல்லாம் அனுப்பி முடிச்ச அன்னைக்கு நடத்துவாரு. அப்படி ஒரு நாள் வந்துச்சு, போன வருஷம். நல்லா ஞாபகம் இருக்கு, அன்னைக்கு நெட்டு இல்ல.

காலையில வந்ததும் வருகைப்பதிவு ஆப்பு. அப்புறம் முட்டை எத்தனைன்னு ஒரு ஆப்பு. கக்கூஸ் கழுவினதுக்கு ஒரு போட்டோ. நட்ட மரக்கன்னுக்கு மாசம் ஒரு போட்டோ. கன்னு செத்து எட்டு மாசமாச்சு. பக்கத்து வேலியில ஒரு முருங்கை நிக்குது, அதை எடுத்து அனுப்பிக்கிட்டிருக்கோம். வளர்ச்சி நல்லா இருக்குன்னு பதில் வருது. நான் குறை சொல்லலை தம்பி. பாராட்டுறதுக்கு அவங்களுக்கும் மனசு வேணும்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஜனவரி மாசம் புதுசா ஒரு ஆப்பு வந்துச்சு, வாசிப்புத் தேர்வுன்னு. போனைத் திறந்தா ஒரு பச்சைக்கிளி வரும். "வா செல்லம், வாசிக்கலாம்"னு கூப்பிடும். ஒவ்வொரு புள்ளையும் மூணு பத்தி வாசிக்கணும். கிளி கேட்டுட்டு மார்க்கு போடும். நல்லா வாசிச்சா பச்சை, சுமாரா வாசிச்சா மஞ்சள், ஒண்ணும் தெரியலைன்னா சிவப்பு. சரியா வரலைன்னா மொத்தம் மூணு வாட்டி வாசிக்கலாம். அதுக்கப்புறம் பூட்டிக்கும். நாலு நாள்தான் கெடு, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடையைச் சாத்திருவாங்க.

எங்க ஸ்கூல்ல சிக்னல் எங்க கிடைக்கும்னா, பின்னாடி குடிதண்ணித் தொட்டி இருக்கு, அதோட திண்டுல ஏறி நின்னா ரெண்டு கோடு. அங்கதான் தேர்வு. முதல்ல மூணாப்பு சர்வேஷைக் கூட்டிட்டுப் போனேன். அவன் வாயைத் திறக்குறதுக்குள்ள பக்கத்துல ஒரு ஆடு கத்துச்சு. கிளி அதுக்கு நாப்பது மார்க்கு போட்டுச்சு. திருப்பி சர்வேஷ் வாசிச்சான், இருபத்திரண்டு. அந்தப் புள்ளை மொகத்தைப் பார்க்கணுமே நீங்க.

மத்தியானத்துக்குள்ள அஞ்சு புள்ளை, அஞ்சும் சிவப்பு. குருநாதன் சாருக்கு வேர்த்துப்போச்சு. ஏன்னா சிவப்பு அதிகமா இருக்கிற ஸ்கூலுக்கெல்லாம் மே மாசம் பத்து நாள் பயிற்சின்னு உத்தரவு. அவருக்கு மே கடைசியில ரிட்டயர்மெண்டு. எனக்கு மே மாசம் மகளுக்கு வளைகாப்பு. நீங்களே சொல்லுங்க, வளைகாப்பைத் தள்ளிப்போட முடியுமா? வயித்துல இருக்கிற புள்ளைக்கு எந்த ஆப்புல தகவல் சொல்றது?

சார்தான் ஆரம்பிச்சாரு. "டீச்சர், புள்ளைங்க கூச்சப்படுதுங்க. நீங்க கொஞ்சம் கூட இருந்து ஒத்தாசை பண்ணக்கூடாதா?"ன்னாரு. ஒத்தாசைன்னா எனக்குப் புரியாதா? சரின்னு மித்திரன்னு ஒரு பயல் பேரைத் தட்டிவிட்டு நானே வாசிச்சேன். நல்லா நிறுத்தி, ஏத்த இறக்கத்தோட, கலெக்டர் வந்தப்ப வரவேற்புரை வாசிச்சேனே, அதே குரல்ல. கிளி கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சு யோசிச்சுச்சு. ஐம்பத்தி நாலு. மஞ்சள். கீழ ஒரு வரி வேற. "மாணவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பயிற்சி தேவை."

எனக்கு தம்பி! இருபத்தொம்பது வருஷம்! இந்த வட்டாரத்துல பாதிப் பேருக்கு அ ஆ எழுதிக்குடுத்த கை இது! சார் சிரிச்சாரு. பதினோரு வருஷமா கூட வேலை பார்க்கிறேன், அவர் பல்லை அன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தேன். திரும்ப வாசிச்சேன், ஐம்பத்தி ஒண்ணு. இறங்கிப்போச்சு! இதைத்தான் உங்ககிட்ட கேக்குறேன். குரல்ல கோளாறா, போன்ல கோளாறா? போன்லதானே? அதான். எனக்குத் தெரியும்.

அப்பத்தான் காளீஸ்வரி கேட்டா. காளீஸ்வரி அஞ்சாப்புப் பொண்ணு. வெயில்ல போன் சூடாகுதேன்னு குடை பிடிக்கிறதுக்கு அவளை நிறுத்தியிருந்தேன். "டீச்சர், நான் வாசிக்கட்டா?"ன்னா. மித்திரனுக்கு மிச்சம் ஒரு வாட்டிதான் இருக்கு. போனா போகுதுன்னு குடுத்தேன். குடையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே படபடன்னு வாசிச்சா. தொண்ணூத்தி ஆறு. கிளி ஆடுது தம்பி, றெக்கையை விரிச்சு ஆடுது. பச்சைன்னா பச்சை, அப்படி ஒரு பச்சை.

எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதான். அவ ஒண்ணாப்பு படிக்கிறப்போ எனக்குத் தேர்தல் வேலை. ரெண்டாப்புல கணக்கெடுப்பு. மூணாப்புல பாதி வருஷம் பயிற்சி. இருந்தாலும் அடித்தளம் நாம போட்டதுதானே? அவ அம்மா பாக்கியம் பஸ் ஸ்டாப்புல பஜ்ஜிக்கடை வச்சிருக்கு. பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பரை எல்லாம் இவ வரி விடாம வாசிச்சுட்டுத்தான் கிழிக்க விடுவா. கடைக்கு வர்றவங்க பஜ்ஜி ஆறிப்போகுதுன்னு திட்டுவாங்க. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலை.

அப்புறம் என்ன, நாலு நாளும் காளீஸ்வரிதான். முதல்ல சிவப்பு விழுந்த அஞ்சு பேருக்கும் மிச்சம் இருந்த வாட்டியில அவளே வாசிச்சுட்டா. நான் பேரைத் தட்டிவிடுவேன், அவ வாசிப்பா. கனிஷ்கான்னா கனிஷ்கா, சர்வேஷ்னா சர்வேஷ். இத்தனைக்கும் அது ஏதோ செயற்கை அறிவாம், மனுஷன் மூளையை விடப் பெரிசாம். ஆம்பளைப் பயலுக்கும் பொம்பளைப் புள்ளைக்கும் ஒரே குரல் வருதேன்னு அதுக்கு ஒரு சந்தேகம் வரலை. தொட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறவரு கண்டுபிடிச்சுட்டாரு. "என்னம்மா, நாலு நாளா ஒரே புள்ளையைப் போட்டு உருட்டுறீங்க"ன்னாரு.

ஒண்ணாப்புப் புள்ளைங்க பேர்ல வாசிக்கிறப்போ, "கொஞ்சம் திக்கித் திக்கி வாசிடி, நம்புற மாதிரி இருக்கட்டும்"னேன். அவளும் திக்கித்தான் பார்த்தா. அப்பவும் எம்பத்தெட்டு. தப்பா வாசிக்கவே தெரியலை அவளுக்கு. அது ஒரு குறைதான்.

மத்த புள்ளைங்க அந்த நாலு நாளும் சந்தோஷமா விளையாடுச்சுங்க. நானே பார்த்து பூரிச்சுப்போனேன். குழந்தைகளைச் சுதந்திரமா விடணும்னு பயிற்சியில சொல்லுவாங்கல்ல, அதை நாங்க மட்டும்தான் நடைமுறைப்படுத்தினோம்.

முப்பத்தொரு பேரு, ஆளுக்கு மூணு பத்தி. எத்தனை ஆச்சு? தொண்ணூத்தி மூணு. சிலது கிளி காதுல விழாம ரெண்டு வாட்டி. எப்படியும் நூறைத் தாண்டும். வரிசைப்படி பார்த்தா காளீஸ்வரி பேரு ஏழாவதா வரும். நான்தான் தள்ளிவிட்டேன். நல்லா வாசிக்கிற புள்ளைதானே, எங்க போகப்போகுது, கடைசியா வச்சுக்கலாம்னு. கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறவங்க கடைசியாத்தானே உட்காருவாங்க? அந்த மாதிரிதான் நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை மூணரை மணிக்கு அவ பேரு வந்துச்சு. வாயைத் திறக்குறா, காத்துதான் வருது. தொண்டை கட்டிப்போச்சு. மிளகு குடுத்தேன், வெந்நி குடுத்தேன், சார் தன்னோட மாத்திரையை எல்லாம் எடுத்துக் குடுத்தாரு. வாசிக்கிறா, உதடு அசையுது, எனக்கே கேக்கலை. கிளி, "கேட்கவில்லை செல்லம், இன்னும் சத்தமாக"ன்னுது. பன்னெண்டு. திரும்ப வாசிச்சா, பதினாலு. மூணாவது வாட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசிச்சா, பதினொண்ணு. சிவப்பு. பூட்டிக்கிச்சு. "இந்த மாணவர் எழுத்தறியாத நிலையில் உள்ளார்"னு போட்டு கிளி கண்ணைத் துடைச்சுக்குது.

அழுதாளான்னு கேக்குறீங்களா? அழுதாதான். சத்தம் வரலை, அதனால பெரிசாத் தெரியலை.

நான் சமாதானம் சொன்னேன். "போடி, உனக்கு வாசிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"னேன். அப்போ எனக்கு என்ன தெரியும் தம்பி? பத்து நாள் கழிச்சு ஒரு சுற்றறிக்கை வருது. இந்த வாசிப்புத் தேர்வு மார்க்கை வச்சு, வட்டாரத்துக்கு ஒரு அஞ்சாப்புப் பொண்ணை விடுதிப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்களாம். ஆறாப்புலேர்ந்து பன்னெண்டாப்பு வரைக்கும் சாப்பாடு, தங்குறது, புத்தகம் எல்லாம் அரசாங்கமே. முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவளை முதல்ல வாசிக்க வச்சிருக்கமாட்டேனா? எல்லாத்தையும் கடைசியிலதான் சொல்லுவாங்க. இதுதான் இந்தத் துறையோட கோளாறே.

பாக்கியம் ஸ்கூலுக்கே வந்துருச்சு, பஜ்ஜி மாவுக் கையோட. "டீச்சர், விடுதிப் பள்ளிக்கூடம்னு பேசிக்கிறாங்களே, எம்புள்ளை பேரு வரும்ல? ஆறாப்புக்கு ஒம்போது கிலோமீட்டரு போகணும், பாதி வழி கருவேலங்காடு. பெரியவளையே அதனாலதான் நிறுத்திப்புட்டேன். விடுதின்னா கண்ணை மூடிக்கிட்டு அனுப்புவேன். இல்லாட்டி கடையிலதான் கெடக்கணும்"னுச்சு.

"மெஷின் சிவப்புன்னு போட்டுருச்சும்மா"ன்னேன். பொய்யா சொன்னேன்? நானா போட்டேன்? மெஷின்தானே போட்டுச்சு. அந்தம்மா நேரா வீட்டுக்குப் போய், "ஊருப் புள்ளைக்கெல்லாம் உனக்குத் தொண்டை இருந்துச்சு, உனக்குன்னா இல்லையாடி"ன்னு முதுகுல ரெண்டு போட்டுச்சாம். பெத்தவங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது தம்பி. புள்ளையை அடிக்கக்கூடாதுன்னு எத்தனை கூட்டத்துல சொல்லியிருக்கோம்.

எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் சோறு இறங்கலை. மூணாம் நாள் போன் வந்துருச்சு, வட்டாரத்துலேயே வாசிப்புல முதல் பள்ளி கொத்தனேரின்னு. முப்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு. மத்த ஸ்கூல் சிலதுல மொத்தமும் பச்சையாம். அதையெல்லாம் நம்பலையாம். பெரிய அதிகாரி கூட்டத்துல எங்க பேரைச் சொல்லி, "ஒரு புள்ளைக்கு வாசிக்க வரலைன்னா வரலைன்னு மறைக்காம போட்டிருக்காங்க பாருங்க, இதுதான் நேர்மை"ன்னாராம். அந்தச் சிவப்பு மட்டும் இல்லைன்னா எங்களுக்கு ஷீல்டே இல்ல. அவளால ஸ்கூலுக்குப் பெருமை. இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன். எங்க வேணாலும்னா, இந்த மாதிரி பஸ்ஸுல சொல்லுவேன். நீங்க இறங்கிப் போயிருவீங்க.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஒரு புள்ளை மார்க்குல தப்பு நடந்துபோச்சு, திருத்த முடியுமான்னு. அங்க இருந்த உதவியாளர் நல்ல மனுஷன். "தாராளமாத் திருத்தலாம் டீச்சர். தப்பு எப்படி நடந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோட குடுங்க. அவளுக்கு மறுபடி திறந்துவிடுறோம். ஏப்ரல் முடியுறதுக்குள்ள குடுங்க"ன்னாரு. ஒரு பக்கம்தான். நான் எழுதினேன் தம்பி, நிஜமா எழுதினேன். எழுதி வாசிச்சுப் பார்த்தா எனக்கே படிக்கப் பிடிக்கலை. குருநாதன் சார்கிட்டக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "டீச்சர், மே முப்பத்தொண்ணு நான் ரிட்டயர்டு. ஜூன் ஒண்ணாம் தேதி நீங்க என்ன வேணா எழுதுங்க, நானே பேனா வாங்கித் தர்றேன்"னாரு. அவருக்கு பென்ஷன் பயம். எனக்கு அப்படி ஒண்ணும் பயம் இல்ல. ஆனா அவர் பயப்படுறப்போ நான் மட்டும் பயப்படாம இருந்தா மரியாதையா இருக்குமா?

சீட்டு யாருக்குக் கிடைச்சுதுன்னு கேக்கவே இல்லையே நீங்க. எங்க கனிஷ்காவுக்கு! தொண்ணூத்தெட்டு மார்க்கு, வட்டாரத்துலேயே உச்சம். ரெண்டாம் நாள் காலையில, காளீஸ்வரி குரல் பளிச்சுன்னு இருந்தப்போ வாசிச்சது. கனிஷ்கா நல்ல பொண்ணு. கோலம் அருமையாப் போடுவா. எழுத்து மட்டும் ஒண்ணொண்ணாத்தான் தெரியும், சேர்த்து வச்சா யாரோ எவரோன்னு பார்ப்பா. அவ அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து கையெடுத்துக் கும்பிடுறாரு. "வீட்டுல ஒரு வரி வாசிச்சு நான் பார்த்ததில்லை டீச்சர். உங்ககிட்ட மட்டும் எப்படித்தான் வாசிக்கிறாளோ"ங்கிறாரு. வாங்கிக்கிட்டேன். பழம் நல்லாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கு விழா. அழைப்பிதழ்ல ஒரு வரி சேர்த்துட்டாங்க. "முதல் மதிப்பெண் பெற்ற மாணவி மேடையில் வாசித்துக் காட்டுவார்." இது தேவையா? அதான் கிளி மார்க்கு போட்டுருச்சே, அதுக்கப்புறம் மனுஷங்க எதுக்குக் காதால கேக்கணும்? கனிஷ்காவை மேடையில ஏத்தினா ஒண்ணுக்குப் போயிருவா. நாலு நாள் தூக்கம் இல்ல எனக்கு. அப்புறம் குருநாதன் சார்தான் ஒரு வழி சொன்னாரு. ஷீல்டு வாங்க அவரும் வர்றதாத்தான் இருந்துச்சு. காலையில போன் பண்ணி வயித்துப்போக்குன்னுட்டாரு.

அதோ பாருங்க, முன்னாடி, டிரைவர் பக்கத்துல இஞ்சின் மேல உட்கார்ந்துக்கிட்டு, ரோட்டுல வர்ற போர்டையெல்லாம் வாசிச்சுக்கிட்டு வருதே ஒரு பொண்ணு. சிமெண்ட் கடை, பல் ஆஸ்பத்திரி ஒண்ணு விடுறதில்லை. அவதான். காளீஸ்வரிதான். கழுத்துல கிடக்கிறது கனிஷ்காவோட அடையாள அட்டை. போட்டோ மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்தது, அதுல இருக்கிறது யாருன்னு கனிஷ்காவுக்கே சந்தேகம். பத்து நிமிஷ வேலைதானே தம்பி? வாசிக்கிறது அவதான், பேரு மட்டும்தான் வேற. நாலு நாள் செஞ்சது, அஞ்சாவதா ஒரு நாள்.

என்ன, லேப்டாப்பை மூடி வச்சுட்டீங்க? பஸ்ஸு ஆட்டத்துல தலை சுத்துதா? இருங்க, அவளே எந்திரிச்சு வர்றா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாடி! விழுந்து தொலைக்காதே, மேடை ஏறணும். என்ன? சத்தமாச் சொல்லு. இவரு நமக்குத் தெரிஞ்சவருதான், சொல்லு.

கேட்டீங்களா தம்பி, என்ன கேக்குறான்னு? "டீச்சர், மேடைக்கு நான்தானே கனிஷ்காவாப் போறேன். அப்படியே விடுதிக்கும் நானே கனிஷ்காவாப் போயிரட்டா? எங்கம்மாகிட்டக் கேட்டுட்டேன். பேரு என்னவா இருந்தா என்ன, நீ படிச்சா சரின்னுச்சு"ங்கிறா.

சீச்சீ. அப்படியெல்லாம் பேசக்கூடாதுடி. அடுத்தவங்க பேர்ல போய்ப் படிக்கிறது மோசடி. தெரிஞ்சா போலீசுல பிடிச்சுட்டுப் போயிருவாங்க. போ, போய் உட்காரு. அட்டையைத் திருப்பிப் போடு, போட்டோ வெளியில தெரியட்டும்.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி, எங்க ஸ்டாப்பு வந்துருச்சு. பார்த்தீங்கல்ல, பத்து வயசுதான் ஆகுது, எப்படியெல்லாம் யோசிக்குது. வாசிக்கச் சொல்லிக்குடுத்தா மட்டும் போதாது, நேர்மையையும் நாமதான் சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கு.